கதவுக்கு மேலிருந்த பலகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அடுத்த அறையில்தான் இருக்கிறாய். ஆனாலும் இதை வாயால் சொல்ல வரவில்லை.

என் உச்சந்தலையில் ஊதா நிறத்தில் படர்ந்ததை, நிலைப்படியில் இடித்துக்கொண்ட ரத்தக்கட்டு என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு நீ மட்டும் உள்ளே போனாய். திரும்பியபோது முகம் கழுவியிருந்தாய்.

"ரத்தக்கட்டுதான்ப்பா. சின்னதா கீறி எடுத்துட்டாப் போதும்."

"தலையைக் கீறினா உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சிடுமேம்மா."

நீ சிரித்தாய். எனக்கு அது போதும்.

ஆனால் நீ உள்ளே இருந்தபோதே, கதவுக்கு மேலிருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். 'புற்றுநோய்ப் பிரிவு'. அவ்வளவு பெரிய சொல்லை யாரையும் கேட்காமல் படித்தேன். பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நீ. அன்று அதை நீயே மறந்துவிட்டாய்.

ரத்தக்குழாயில் அபூர்வமாக வருவதாம், நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். வெட்டி எடுத்துவிட்டுத் தொடைத் தோலை அங்கே வைத்துத் தைப்பார்களாம். தைக்கட்டும்.

நாளை டாக்டரிடம் போகும்போது என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போ. நீ தனியாகக் கேட்டது போதும்.

உன் ஒரே மாணவன்,
அப்பா