மூன்று விடுதலைப் பத்திரங்கள்

2-8-1998, ஞாயிறு

என் அண்ணன் தியோடர் ஒரு திருடன். ஜெபம் செய்துவிட்டுத் திருடுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று ஆராதனை முடிந்ததும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். எனக்கு ஒரு பட்டுப்புடவை, அம்மாவுக்கு மைசூர் பாகு, எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கன்னடத்தில் டைப் அடித்த நாலு பக்கப் பத்திரம்.

"ஒண்ணுமில்லடி ஹெப்சி. கார்ப்பரேஷன்ல அப்பா பேரை எடுக்கணும். நீயும் அம்மாவும் ஆளுக்கு நாலு கையெழுத்து, முடிஞ்சுது."

"படிச்சிட்டுப் போடறேன்."

"நீ இதுல என்னத்தப் படிக்கப்போற?" சிரித்தான்.

அவன் கான்வென்ட். கன்னடம் பேசுவான், எழுத்து அவனுக்கு ஜிலேபி. ரெண்டு பிள்ளைகளையும் கான்வென்ட்டில் போட வசதியில்லை என்று என்னை அரசாங்கக் கன்னடப் பள்ளிக்கூடத்தில் தள்ளினார்கள். நான் எங்கே படித்தேன் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது போல. நல்லது.

3-8-98

பெயர் மாற்றமாம்! அப்பா கட்டிய இந்த லிங்கராஜபுரம் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் உள்ள பங்கை முழுக்க அவனுக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் இது. மூன்றாம் பக்கத்தில், 'சகோதரியானவள் பட்டுப்புடவை பெற்று மனநிறைவு அடைந்து' என்று வேறு இருக்கிறது.

புடவை பட்டே இல்லை. நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்றம்.

5-8-98, புதன்

பீன்யா ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்ததும் யூனியன் ஆபீஸ் போனேன். புதன்கிழமைகளில் அங்கே வக்கீல் வெங்கடசுப்ரமணியன் இலவசமாக யோசனை சொல்வார். "அப்பா உயில் எழுதலையா? அப்ப நீங்க கிறிஸ்டியன்ஸுக்குக் கணக்கு சுலபம்மா. அம்மாவுக்கு மூணுல ஒண்ணு. மிச்சத்துல பொண்ணு பையன் பேதமில்ல, சமம்."

அப்படியென்றால் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. பின்னே ஏன் இந்தத் தெருவில் ஒரு பெண்ணிடமும் வீடு இல்லை? எல்லாரும் புடவை வாங்கி மனநிறைவு அடைந்துவிட்டார்களா?

7-8-98

அண்ணனிடம் போனில் நேராகவே கேட்டேன். மழுப்பிவிட்டுக் கடைசியில் கக்கினான். வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட ஒரு பில்டர் வருகிறானாம்.

"அம்மா எங்க போவாங்க?"

"எங்கூடத்தான். ஒரு ரூம் சும்மாதானே கிடக்குது."

அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். சும்மா இல்லை. வாஷிங் மெஷினும் அண்ணியின் நாயும் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

விடமாட்டேன். அம்மாவுக்காக.

அம்மாவிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

11-8-98

அரை நாள் லீவு. ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில், மரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கிறார் பத்திரம் எழுதும் சேஷகிரி. அண்ணனின் பத்திரம் இவர் அடித்ததுதான். அன்றைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தானாம். அம்மா வீட்டில் மூச்சு விடவில்லை!

"சார், இதே பத்திரம்தான். விட்டுக்கொடுக்கறவர் தியோடர், வாங்கறது நான். பேரை மட்டும் மாத்துங்க."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "பட்டுப்புடவை?"

"அதுக்கு பதிலா சஃபாரி சூட்னு போடுங்க."

"ஐயோ ராமா," என்றார். ஆனாலும் அடித்தார்.

16-8-98, ஞாயிறு

வயிறு வலிக்கிறது, சிரித்துச் சிரித்து.

அண்ணன் வந்தான். பவ்வியமாக என் பத்திரத்தை நீட்டினேன். "சின்னத் திருத்தம் பண்ணியிருக்கு அண்ணா. மூத்தவன் நீ, நீ மொதல்ல போடு." மூத்தவன் என்றதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாலு பக்கத்திலும் சுழித்துச் சுழித்துக் கையெழுத்து.

வாங்கி, கன்னடத்தில் சத்தமாகப் படித்தேன். அவனுக்குப் படிக்கத்தான் தெரியாது, காதில் விழுந்தால் புரியுமே. 'சகோதரனானவன் சஃபாரி சூட் பெற்று மனநிறைவு அடைந்து' என்ற இடத்தில் பிடுங்கிக் கிழித்தான்.

"கேடி! கூடப்பொறந்தவனையே ஏமாத்தறியா?"

"அதையேதான் நானும் கேக்கறேன்டா!"

"அம்மாவ நான்தான் பாத்துக்கப் போறேன்!"

"அம்மாவுக்காகத்தான் நானும் நிக்கறேன்!"

 அம்மா விளக்குமாறு கொண்டுவந்து காகிதங்களைப் பெருக்கினாள்.

17-8-98

காதுக்குள் இன்னும் அவன் கத்தல். சுகமாக இருக்கிறது.

23-8-98, ஞாயிறு

அப்பாவின் வருஷ ஜெபம். சர்ச் ஐயர் ஜெபித்து, பிரியாணி சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக் கிளம்பினார். அண்ணனும் நானும் எதிரெதிர் நாற்காலியில். அம்மா பீரோவைத் திறந்து ஒரு காகிதக்கட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"படிடி. அவனுக்கும் கேக்கற மாதிரி."

கன்னடம். நாலு பக்கம். தியோடரும் ஹெப்சிபாவும் தங்கள் பங்கு முழுவதையும் தாயார் சாந்தகுமாரிக்கு விட்டுக்கொடுப்பதாக. புடவையும் இல்லை, சூட்டும் இல்லை.

"யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"சேஷகிரி சார் கிட்ட நானே பஸ் புடிச்சுப் போனேன். 'உங்க வீட்ல இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காங்களாம்மா'ன்னு கேட்டாரு."

"அம்மா, நீ இருக்கறவரைக்கும்னு எழுதினாப் போதாதா?" இதைக் கேட்டது நான். நானேதான்.

"ஏன்? அவனும் எனக்காகத்தான் சண்டை போடறான், நீயும் எனக்காகத்தான் சண்டை போடற. ரெண்டு பேருக்கும் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்." பேனாவை எங்களுக்கு நடுவில் ஸ்டூலில் வைத்தாள். "நாளைக்கு வர்றோம்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன். இன்னைக்கு இதுல போடுங்க."

மூன்று வாரத்தில் முதல்முறையாக அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ரெண்டு பேர் மனசிலும் ஓடுவது ஒன்றுதான் என்று ரெண்டு பேருக்கும் தெரிந்தது. அவமானமாக இருக்கிறது. சீ.

மணி ஐந்து. அவன் இன்னும் கிளம்பவில்லை. பேனாவைத் தொடப் பயந்து இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கிறது.

"என்ன, போட்டாச்சா? யாராச்சும் ஒருத்தர் மொதல்ல போடுங்களேன்!"