பொதுச் சுவரில் ஒரு சார்ஜர்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

மின்சார ஸ்கூட்டர் நன்றாக ஓடுகிறது. தினமும் ஏழெட்டு வீடுகளுக்குப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருகிறேன். சார்ஜ் போடுவதுதான் பெரும்பாடு. வாசல் சுவர் உங்களுக்கும் கீழ் வீட்டில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கும் பொது. பாகம் பிரித்த நாளிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அதில் ஓர் ஆணி அடிக்கவும் விட்டதில்லை. அதனால் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து நீள ஒயரைத் தொங்கவிட்டுக் காலம் தள்ளினேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. மதியம் வந்து சார்ஜரை மாட்டியவள், மேலே சுவிட்சைப் போட மறந்து தூங்கிவிட்டேன். நாலு மணிக்குக் கிளம்பினால் வண்டியில் முழு சார்ஜ்! எனக்கு மண்டை குடைந்தது. என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. மறுநாள் வேண்டுமென்றே சுவிட்சைப் போடாமல் ஜன்னலோரம் ஒளிந்து எட்டிப் பார்த்தேன். உங்கள் அண்ணன் வெளியே வந்தார். என் ஒயரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, தன் ஜன்னல் வழியாக நீட்டிய ஒயரில் மாட்டினார். நான் இறங்குவதற்குள் பழையபடி மாற்றியும் வைத்துவிட்டார்.

நேரே போய்க் கேட்டேன். திருதிருவென்று விழித்தார். "உன் ஒயரு தொட்டாலே சுடுதும்மா. குழந்தைய வெச்சிக்கிட்டு இருக்கே, பத்திக்கிச்சுன்னா என்ன பண்ணுவே? தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். என் வாய் சும்மா இருக்குமா?

ஒயரை அன்றே சுருட்டி வைத்துவிட்டேன். தன் ஜன்னல் வழியாக நீட்டும் ஒயரும் மழைக்கு ஆகாது என்கிறார். மின்சார அலுவலகத்தில் விசாரித்தேன். வாசல் சுவரிலேயே சார்ஜர் வைக்கலாமாம், ஆனால் உரிமையாளர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் மழைக்காலத்தோடு வண்டிக்கும் என் வேலைக்கும் முழுக்குத்தான்.

விண்ணப்பத்தை உங்கள் அண்ணனிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார், கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "அங்க ரொம்பக் குளிராமே, அவனுக்குச் சட்டுனு சளி பிடிச்சுக்குமே" என்றார். பாகம் பிரித்த இந்த நாலு வருஷத்தில் உங்களைப் பற்றி அவர் பேசிக் கேட்டது அதுதான்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்ப வேண்டாம். கீழ் வீட்டு முகவரிக்கு, அவர் பெயருக்கே அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். சளி பிடிக்கவில்லை என்று எழுதினால்கூடப் போதும்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி