சிரட்டையில் ஒரு மிடறு கடல்

மச்சான்,

இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று வாவியின் மீதும் என் வலது பக்க மீசையின் மீதும் ஆணையிட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது பக்க மீசையைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. அதை நீ ஒருநாளும் நம்பியதில்லை.

இன்று காலை தோட்டத்துப் படலையைத் திறந்ததும் தங்கம்மாக்கா வழக்கம்போல உன் தேங்காய்ச் சிரட்டையை என் கையில் தந்தார். மணல் துரவில் அள்ளிய தண்ணீர் அதில் பாதி. விடியும்போதே நிலத்தை உலர்த்தும் கச்சான் காற்று எழும்பிவிட்டது. சிரட்டை விளிம்பில் உன் உதடு பட்டுப் பட்டு மழுங்கிய இடம் இன்னும் இருக்கிறது. அதில்தான் வாய் வைத்தேன். என் நெஞ்சு ஒருமுறை நின்று, யோசித்துப் பார்த்து, பிறகு குதிரைபோல ஓடத் தொடங்கியது.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

உலகச் சண்டை முடிந்தது என்று மணியடித்தார்கள். அந்த மணி பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்குக் கேட்கவில்லை. நூல் வராமல் காத்தான்குடியில் உன் தறி தூங்கியது. என் வயல் வட்டையில் வேளாண்மை பொய்த்து, புல்கூட முளைக்க வெட்கப்பட்டது. அப்போதுதான் உங்கள் பக்கத்து வீடுகள் சிலவும் எங்கள் பக்கத்து வீடுகள் சிலவும், மொத்தம் ஏழு வீடு, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல் துண்டைச் சேர்ந்து வேலியடைத்தோம். வெள்ளரி, பூசணி, கத்தரி, வற்றாளைக் கிழங்கு. அந்தத் தோட்டத்தைப் பற்றி நான் வெளியூரில் பேசினால் அதைச் சுற்றி வர யானை வேண்டும். நீ பக்கத்தில் நின்றால் மட்டும் அது ஒரு கலியாணப் பந்தல் அளவுக்குச் சுருங்கிவிடும்.

மணலில் கிண்டிய இரண்டு துரவுகள்தான் அதன் உயிர். கல் கட்டாத, இடுப்பளவுக் குழிகள். நல்ல தண்ணீர் மேலே பாலாடைபோல மெல்லியதாகக் கிடக்கும். அதற்குக் கீழே கடல் படுத்திருக்கும். முதல் கோடையில் தெற்குத் துரவு கொஞ்சம் கரித்தது. ஏழு வீட்டு நாக்கும் ஏழு விதமாகச் சொல்லிச் சண்டை பிடித்தன. கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே விடயம், “இன்னும் ஆழமாக் கிண்டுவம்” என்பதுதான். தண்ணீரில் குறை கண்டால் மண்வெட்டியைத் தேடத்தான் எங்கள் கைக்குத் தெரியும். கிண்டினோம். படுத்திருந்த கடல் எழும்பி உட்கார்ந்தது. ஒரு கிழமைக்குள் கத்தரி முழுவதும் கருகியது. புருஷனை இழந்து பிள்ளைகளோடு இருந்த தங்கம்மாக்காவின் வீட்டில் அந்த மாதம் என்ன சமைத்தார்கள் என்பதை வைத்து நான்கூடப் பகிடி பண்ணியதில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்கு ஒரே நாக்கு என்று தீர்ப்பானது. அது உன் நாக்கு. ருசி மரத்துப்போகும் என்று நீ வெற்றிலையையே விட்டாய். வெற்றிலைக் கடைக்காரர்கள் வரிசையாக உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். காலையில் நீ சிரட்டையைத் தூக்கி ஒரு மிடறு குடிப்பாய், கண்ணை மூடுவாய். குடங்களோடு நிற்கிற எல்லாரும் உன் தொண்டையையே பார்ப்போம்.

“கற்கண்டு.”

அதற்குப் பிறகுதான் குடங்கள் அசையும்.

இரண்டாம் கோடை கொடியது. கச்சான் அடித்த அடியில் என் தலைப்பாகை பறந்துபோய் அமிர்தகழிக் கோயில் கலசத்தில் குந்தியது. சாமி எனக்குத்தான் பரிவட்டம் கட்டுகிறார் என்று சனம் கும்பிட்டதாம். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, நான் வெள்ளரி இலைகளைப் பார்ப்பேன். மதியத்தில் வாடும் இலை பின்னேரமும் நிமிராமல் கிடந்தது. பிறகு ஓரம் பழுத்தது. நீ “கற்கண்டு” என்றாய். மறுநாளும் “கற்கண்டு” என்றாய். உன் சொல்லுக்கும் இலைக்கும் பொருந்தவில்லை. கேட்கப் பயந்து, நான் முதலைக் கதைகளைப் பெருப்பித்துக்கொண்டே போனேன்.

அப்போதுதான் நோன்புப் பிறை கண்டது. நோன்பு பிடித்த வாயால் எப்படி ருசி பார்ப்பது? நீ சிரட்டையை என்னிடம் நீட்டினாய். நீட்டிய கை அதை விடவில்லை. இழுத்துத்தான் வாங்கினேன்.

குடித்தேன். ஒரே நாளில் வந்த உவர் அல்ல அது.

“உப்பு!” என்று கத்தினேன். “ஐயோ, தண்ணி உப்பு!”

தோட்டமே சிரித்தது. தங்கம்மாக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினார். “போன கிழமை ஆத்து முதலை உன்னட்டச் சுண்ணாம்பு கேட்டதெண்டாய். இப்ப தண்ணி உப்போ? வேலயப் பாரு தம்பி!”

நீ மட்டும் சிரிக்கவில்லை. பூசணிக் கொடிப் பக்கம் உன்னை இழுத்துப் போனேன்.

“எப்ப இருந்து?”

“பிறை காண முந்தியே.”

“ஏன்டா பொய் சொன்ன?”

“உப்பெண்டா மம்பெட்டியத் தூக்குவாங்க மச்சான். கிண்டினா முடிஞ்சிது. இந்த உவர வெள்ளரி தாங்கும். கடலத் தாங்காது.”

“தாங்காட்டி?”

நீ கொடியைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. “தாங்காட்டி ஏழு ஊட்டுச் சோறும் என்ட கழுத்துல. நோன்பு புடிச்சிட்டுப் பொய் சொல்லவும் ஏலா. அதுதான் உன்னட்டத் தந்த. நீ உண்மையையே சொல்லு. ஒருத்தரும் நம்பமாட்டாங்க.”

எந்தத் துரையும் எனக்குத் தராத பட்டம் அது, மச்சான்.

அந்த மாதம் முழுவதும் நான் காலையில் உண்மையைக் கூவினேன். கூவக் கூவச் சிரித்தார்கள். நீ மதியத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாய். தண்ணீர் அள்ளும் பட்டையைத் துரவுக்குள் அமுக்காமல், மேல் தண்ணீரைச் சிரட்டையால் வழித்துக் குடம் நிரப்பச் சொன்னாய். “கலங்கிடும்” என்று காரணம் காட்டினாய். அதுவும் பொய்யில்லைதான். நான் கொடியடியில் குந்தி ஒவ்வொரு பிஞ்சாகத் தொட்டுப் பார்த்தேன். தொட்டுத் தொட்டே பல பிஞ்சுகள் எனக்கு மருமக்கள் முறையாகிவிட்டன. நேற்று இருந்தது இன்று சுருங்கிக் கிடந்தால், அன்று எனக்கு எந்தக் கதையும் வராது.

பெருநாளன்று முதல் வெள்ளரிப்பழம் வெடித்தது. அதை வள்ளத்தில் ஏற்றியபோது வள்ளம் தாழ்ந்தது என்று பெரியகல்லாறு வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். உள்ளபடி அது இரு கைக்குள் அடங்கும் பழம். கூப்பன் சீனியும் இல்லாமல், ஏழு வீடும் பிய்த்துத் தின்றோம்.

“லேசா உப்புக் கரிக்கிதே?” என்றார் தங்கம்மாக்கா.

“அது உங்கட கை வேர்வ அக்கா,” என்றாய் நீ.

அடுத்த மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதை மட்டும் பெருப்பித்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

இந்தக் கோடைக்குச் சிரட்டை என்னிடம் வந்தது. “அவருக்குக் கூட்டாளி நீதானே, புடி,” என்றார் தங்கம்மாக்கா. நான் முன்யோசனைக்காரன். தண்ணீர் தேனாக இருந்த முதல் நாளிலிருந்தே “உப்பு!” என்றுதான் கத்தி வந்தேன். சிரிப்பார்கள், குடம் அசையும். இன்றும் கத்த வாய் திறந்தேன். சத்தம் பாதியில் இறங்கிவிட்டது.

தங்கம்மாக்கா குடத்தைக் கீழே வைத்தார். “தம்பி, இண்டைக்கு உன்ட சத்தத்தில பகிடியக் காணல்லியே?”

அவர் கண் வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டிக்குப் போனது. மற்றவர்களின் கண்ணும் அதன் பின்னால் போனது.

“கிட்ட வராதீங்க அக்கா!” என்று அலறினேன். “சிரட்டைக்குள்ள ஒரு சுறா! என்ட மூக்கையே பாத்துக்கொண்டிரிக்கி!”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் உடனே சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை, துரவை ஒருமுறை பார்த்தார். “சுறாவெண்டா புடிச்சுத் தா, ஆணம் காய்ச்சுவம்,” என்று சொல்லிவிட்டுத் துரவுக்குள் இறங்கினார். அங்கே கிடந்த பட்டையைத் தள்ளி வைத்தார். என் கையிலிருந்து சிரட்டையை வாங்கி, மேல் தண்ணீரை மட்டும், மெல்ல, வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றினார். இந்தக் கோடையில் ஒருவரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வெள்ளரிப் பிஞ்சுகள் இப்போது விரல் நீளம். இந்த உவரைத் தாங்குமா என்று கேட்க நீ இல்லை. நாளைக் காலையும் சிரட்டை வரும். அதற்கு ஒரு திமிங்கிலத்தை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறேன். உன்னைப்போல முகம் சுளிக்காமல் விழுங்கவும் பழகிக்கொண்டு வருகிறேன்.

முதலை, தலைப்பாகை, வள்ளம், சுறா எல்லாவற்றையும் வாவியில் தள்ளிவிடு, மச்சான். இதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் மெய்: இன்று காலைத் தண்ணீர் உவர்.