துணிக்கழிவுக் குடோனில் பூட்டி வைக்கப்படும் சிறுமி அன்புசெல்வி குறித்து

அனுப்புநர்
நா. அமராவதி (வயது 46),
க/பெ. நாச்சிமுத்து,
நெருப்பெரிச்சல், திருப்பூர்.

பெறுநர்
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: ஏழு வயதுச் சிறுமிக்குத் தக்க குடியிருப்பை ஏற்படுத்தித் தருமாறு பெற்றோருக்கு உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வேஸ்ட் குடோன் உள்ளது. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை மூட்டை கட்டி அடுக்கும் இடம் அது. அதன் மூலையில் தகரம் அடித்து மறைத்த எட்டுக்குப் பத்தடி இடத்தில் காவலாளி பாண்டித்துரை, மனைவி சித்ராதேவி, மகள் அன்புசெல்வி ஆகியோர் பதினான்கு மாதங்களாகக் குடியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. கழிப்பறை இல்லை. விளக்கு ஒயர் துணி மூட்டைகள் மீது தொங்குகிறது.

2. பாண்டித்துரை பகலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சித்ராதேவி டெய்லர், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை வேலை. பள்ளி விடுமுறை தொடங்கியது முதல் சிறுமியை உள்ளே விட்டு வெளியே பூட்டிச் செல்கிறார்கள். ஒரு குடம் தண்ணீர், ஒரு டிபன் பாக்ஸ், மூடியுள்ள ஒரு வாளி ஆகியவை உள்ளே இருக்கும்.

3. வாடகை அறை எடுக்க வசதியற்றவர்கள் அல்ல. தென்மாவட்டத்தில் உள்ள சொந்த ஊரில் வீடு கட்டி வருகிறார்கள். நான் கேட்டபோது பாண்டித்துரை செல்போனில் கான்கிரீட் போட்ட படத்தைக் காட்டி, "இவளுக்குத்தான்க்கா கட்டுறோம். ரெண்டு வருசம் பொறுத்துக்கிடட்டும்" என்றார். அந்த வீட்டில் மூன்று ஜன்னல்கள் இருந்தன.

4. மார்ச் மாதம் வரை பள்ளி விட்டதும் சிறுமி என் வீட்டில்தான் இருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. நெய் தோசை சுட்டுக் கொடுத்தால் பாதியை மடித்து, "அம்மாவுக்கு" என்று எடுத்து வைப்பாள். ஒரு நாள், "அத்தைன்னு வேண்டாம், என்னையும் அம்மான்னு கூப்பிடு கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைத் தன் தாயிடம் சொன்னாள். மறுநாள் முதல் அனுப்பவில்லை. பூட்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

5. கடந்த 09.05.2025 மாலை மூன்றே முக்காலுக்கு மழையோடு வீசிய காற்றில் குடோன் கூரையின் இரண்டு தகரங்கள் பறந்தன. பெற்றோர் இருவரும் போனை எடுக்கவில்லை. கடப்பாரையால் பூட்டை உடைத்தேன். சிறுமி மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, வெட்டுத்துணியைத் தலைவரை இழுத்து மூடியிருந்தாள். முழுவதும் நனைந்திருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. "பூட்டை உடைச்சா அம்மா வையும் அத்தே" என்றாள்.

6. அவளைக் குளிப்பாட்டி, எடுத்து வைத்திருந்த புதுக் கவுனைப் போட்டுவிட்டேன். என் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு ஐந்தரை மணிக்கே சித்ராதேவி ஓடி வந்து, உடைந்த பூட்டைப் பார்த்துத் தெருவில் நின்று மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கதவைத் திறக்கவில்லை. "அம்மா வந்துருச்சு, தொறங்க அத்தே" என்று சிறுமி உள்ளிருந்து தட்டியும் திறக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம். என் கணவர் பின்வாசல் வழியாக வந்து, "அடுத்தவங்க புள்ளைய அடைச்சு வெச்சுட்டு என்ன பண்ற? உடு அமராவதி" என்று திறந்துவிட்டார்.

7. "பிள்ள இல்லாதவுகளாச்சேன்னு பாவம் பாத்து விட்டேன். எம்பிள்ளையவே அமுக்கப் பாக்குறீகளா?" என்று சித்ராதேவி கேட்டார். தாயின் இடுப்பில் ஏறிய சிறுமி, அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பனியன் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் செய்யும் வேலை போல் செய்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமையால்தான் மனு கொடுத்தேன் என்று விசாரணையில் சொல்வார்கள். நான் மறுக்க மாட்டேன். ஆனால் தகரம் பறந்ததை வந்து பார்த்தால் தெரியும்.

8. மறுநாள் தகரத்தைக் கயிற்றால் கட்டி மேலே கல் ஏற்றியிருக்கிறார்கள். முன்னதைவிடப் பெரிய பூட்டு வாங்கியிருக்கிறார்கள். இன்று காலையும் பூட்டினார்கள்.

எனவே, தாங்கள் இவ்வாரமே நேரில் வந்து பார்வையிட்டு, சுவரும் ஜன்னலும் கழிப்பறையும் உள்ள அறைக்குக் குறித்த நாளுக்குள் குடிபெயரவும், சிறுமியைத் தனியே பூட்டாதிருக்கவும் பெற்றோருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். சிறுமியைக் காப்பகத்தில் சேர்த்துத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். என்னிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். இந்த மனுவை முதலில் எழுதியபோது என்னிடம் தரும்படிதான் கேட்டிருந்தேன். கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் மாடி அறை காலியாக உள்ளது. அதைத் தர முன்வரவில்லை. எதற்காகத் தருவேன் என்பது எனக்குத் தெரியும். குன்னத்தூரோ ஊத்துக்குளியோ, எங்கே நல்ல அறை கிடைக்கிறதோ அங்கே போகட்டும். புது முகவரியை எனக்குத் தெரிவிக்கத் தேவையில்லை.

இடம்: திருப்பூர்
நாள்: 12.05.2025

கண்டதையும் செய்ததையும் எழுதிய,
நா. அமராவதி
(கையொப்பம்)