பனிக்கண்டமும் எங்கள் வளவும்

தோசைக்கல்லின் ஆவியில் உன் வரைபடத்தின் ஒரு மூலை மறுபடியும் சுவரை விட்டுக் கழன்று தொங்குகிறது. காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாமா மகள் மச்சாள் தொலைபேசி எடுத்திருந்தாள். சண்டை முடிந்துவிட்டதால், இத்தனை வருசம் பிடித்து வைத்திருந்த எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையை ஆமி விடப்போகிறதாம். "அண்ணைக்கு இன்னும் தெரியாது. நீ ஓமெண்டா ஆள் விட்டு உன்ர பேரில வளவு வேலிக்குக் கதியால் தடி நடுவிக்கிறன்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சேர்ந்து யோசிக்க என் சிநேகிதி உன்னைத் தேடினால், நீ செத்துப்போய் இது இரண்டாவது குளிர்காலம்.

அந்தத் தென்துருவ வரைபடத்தை நீ முதலில் விரித்தது லண்டனின் பார்க்கிங் பகுதியில், அண்ணையின் வீட்டு மேசையில். சட்ட அலுவலகத்தில் துருவ ஒப்பந்தக் கோப்புகளோடு மாரடித்துவிட்டு நேரே வந்திருந்தாய். ஊரிலுள்ள அம்மாவின் வீடு எனக்குச் சீதனம் என்பது என் கட்சி. தன் உழைப்பில் கட்டியது என்பது அண்ணையின் கட்சி. வீடோ ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். கேக் வெட்டியதுபோல் கோடு கிழித்திருந்த பனிக்கண்டத்தைக் காட்டினாய். ஒரே துண்டை மூன்று நாடுகள் தங்களுடையது என்கின்றன, ஆனாலும் அங்கே சண்டை இல்லை என்றாய். அதெப்படி என்று அண்ணை கேட்டார்.

"உரிமையை ஒருத்தரும் விடேல்லை அண்ணை. ஆனா ஒப்பந்தம் இருக்குமட்டும் ஒருத்தரும் புதுசா வேலி போடேலாது. நீங்கள் ரெண்டு பேரும் போகேலாத வளவுக்குத்தானே சண்டை பிடிக்கிறியள்? அப்பிடியே விடுங்கோ."

அண்ணை சிரித்துவிட்டார். அந்தத் தைப்பொங்கலுக்குக் குடும்பத்தோடு ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் உனக்குத்தான் நிம்மதி இல்லை. வடதுருவக் கடலடியில் ஒரு நாடு கொடி நட்டதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, சோபாவில் இருக்கமுடியாமல் எழுந்து நடந்தாய். இது எங்கள் ஊரில் பக்கத்து வளவுக்குள் வேலி அரக்குகிற வேலை என்று திட்டினாய். தெற்கைப்போல வடக்கைக் கட்டிப்போட ஓர் ஒப்பந்தம் இல்லையே என்று புலம்பினாய். பனி உருகி வழி திறந்தால்தான் எல்லாருடைய குணமும் தெரியும் என்றாய். அன்று அதை உன் அலுவலகக் கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று எங்கள் ஒழுங்கைக்கே வழி திறக்கிறது. கோபப்படாதே, முந்திக்கொள்ள எனக்கும் ஆசை வந்தது. மத்தியானம்வரை தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன்மேல் கோபமும் வந்தது. வீட்டுச் சண்டைக்குள் பனிக்கண்டத்தைக் கொண்டுவந்து வைத்தவள், உருகுகிற நேரம் பார்த்து இல்லாமல் போனாயே.

கடைசியில் பார்க்கிங்குக்கு அண்ணைக்கே எடுத்தேன். "அண்ணை, எங்கட ஒழுங்கையை விடப்போறாங்களாம். உங்களுக்குத் தெரியாமல் நான் ஒரு கதியாலும் போடமாட்டன்."

 தனக்கு முந்தாநாளே தெரியும் என்றார் அண்ணை. கதியால் வெட்டி அடுக்கச் சொல்லியும் விட்டாராம். அவற்றை மண்ணில் நடத்தான் மனம் வரவில்லையாம்.

"அந்தப் பிள்ளை இப்ப இருந்திருக்கோணும்" என்றார் உன்னை நினைத்து. நான் அழுதுவிட்டேன்.

வரைபடத்தின் மூலையை ஒட்டிவிட்டேன். இந்த ஆவிக்கு நாளைக்கும் கழலும். நாளைக்கும் ஒட்டுவேன்.