ஆறாவது கட்டில்

ஜனக்புரி, தில்லி
12.3.2004

சிரஞ்சீவி சுந்தரேசுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சௌக்கியம், அமெரிக்காவில் நீ, ரோஹிணி, குழந்தைகள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய கவர் வந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்ற, படுக்கையும் சமையலறையும் உள்ள மோட்டார் ஹோம் வண்டி வாங்கப் போகிறேன், சின்னதா பெரிதா, ஒற்றை அறையில் ஏழு பேரை வைத்துக் குடித்தனம் செய்தவள் நீதானே, நீயே சொல் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. கவரில் நீ வைத்திருந்த இரண்டு வண்டியின் பிளானையும் பிரித்து, எதிர்வீட்டு லீலாவதி அதில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள். காகிதத்தில் எல்லா வீடும் பெரிதாகத்தான் தெரியும் என்று தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கோலமாவால் இரண்டு வண்டியையும் முழு அளவுக்குப் போட்டேன். துணி உலர்த்த வந்த மேல்வீட்டுப் பஞ்சாபிக்காரி, மாதாஜி யே க்யா ஹை, இது என்ன என்றாள். என் பிள்ளை வீடு, சக்கரம்தான் இன்னும் மாட்டவில்லை என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சின்ன வண்டி இருபத்துநாலு அடி. பின்னால் உங்கள் கட்டில், டிரைவர் தலைக்கு மேலே குழந்தைகளுக்குப் பரண் மாதிரி படுக்கை, நாலு பேருக்குச் சரி. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் இன்னொரு படுக்கை என்று போட்டிருக்கிறான், அதை நம்பாதே. அதில் படுக்கிறவள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் படுக்க முடியும், எல்லோருக்கும் முன்னால் எழுந்து சுருட்டவும் வேண்டும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் உன் அத்தை ஜலஜா குடும்பத்தோடு எட்டு மாசம் உட்கார்ந்தபோது எனக்குச் சமையலறை வாசல்படிதான். மன்னிக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும் என்று அவள் சொன்னதும், உன் அப்பா பேப்பரை விட்டுத் தலை தூக்காததும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

பெரியது முப்பத்தோரு அடி. பக்கச் சுவரை வெளியே தள்ளினால் கூடம் அகலமாகிறது, ஆனால் ஓட்டும்போது உள்ளே இழுத்தால் கக்கூஸுக்குப் போகும் வழி அடைகிறது. விற்கிறவனை இழுத்துக் காட்டச் சொல்லி நீயே நடந்து பார், அவன் பேச்சைக் கேட்காதே. அதிலே ஐந்து பேர் படுக்க இடம் போக ஆறாவதாக ஒரு ஒற்றைக் கட்டில், ஜன்னல் ஓரமாக. மாடியில் அந்தக் கோலக் கட்டத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்துப் பார்த்தேன், கால் நீட்ட முடிகிறது. வெயில் இறங்கும் வரை கிடந்தேன், எங்கே போனாய் என்று தேட யார் இருக்கிறார்கள்.

அந்தக் கட்டில் யாருக்கு என்று நீ எழுதவில்லை. உன் மாமியார் அங்கே இரண்டு தரம் வந்து போனதைப் போட்டோவில் பார்த்தேன். என்னைத் தொண்ணூற்றுநாலில் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னாய், கால் கடுக்கக் கியூவில் நின்று எடுத்தேன், அதில் இன்றுவரை ஒரு முத்திரை விழவில்லை. நீங்கள் நாலு பேர்தான் என்றால் சின்னதையே வாங்கு, திருப்புவது சுலபம், அம்மாவுக்கு வருத்தமில்லை. பெரியதை வாங்கினால் அந்தக் கட்டிலில் சூட்கேஸ் அடுக்காதே.

மலை ரோட்டில் மெதுவாக ஓட்டு, ரோஹிணியிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுத் தூங்காதே. எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அம்மா
ஜெயலட்சுமி

பாஸ்போர்ட் ஜூன் பதினெட்டோடு முடிகிறது. புதுப்பிக்கட்டுமா வேண்டாமா, ஒரு வரி போதும். போனில் சொல்லாதே, எழுது.