அப்பாவின் தூக்கம்

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தேன். டாக்டரும் தூக்க மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். "அதுவும் கேக்கலையாடி?" என்று போனில் பதறினாயே, எப்படிக் கேட்கும்? அம்மா போன துக்கத்தில், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று தொட்டேன். எட்டு மாதமாக அவர் மாத்திரையை நான்தான் விழுங்குகிறேன். அவருக்குக் கொடுப்பது வெறும் சத்து மாத்திரை.

நேற்றுக் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். தீய்ந்த வாடைக்கு அப்பாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்பை அணைத்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கட்டும்னுதான் விட்டேன்" என்றார்.

உடனே வா. மாத்திரை டப்பாவை என்னிடம் கேட்காதே, பிடுங்கிக்கொள். கேட்டால் பொய் சொல்வேன்.

உன் தங்கை